எஸ் எங்கே வரும்? செட்டிநாட்டில் ஆங்கிலம் சொல்லித்தரத் தொடங்குகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கும் கல்லூரி மாணவர்கள், பி.எட். பயிற்சிக்காகப் பள்ளிக்கு வந்திருப்பவர்கள், 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து அந்தப் பழக்கத்தில் வீட்டிலேயே வகுப்பு வைத்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையின் ஆங்கில நோட்டைத் திறந்தாலும் ஒரு வகைத் தவறு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ‘ஹி கோ டு ஸ்கூல்’, ‘மை பிரதர் டோன்ட் ஈட் ஃபிஷ்’, ‘மை கிராண்ட்மதர் ஆர் கமிங் டுமாரோ’. எழுவாய்க்கும் வினைக்கும் பொருத்தம் இல்லை. பள்ளியில் இதைக் ‘கான்கார்ட்’ என்ற தலைப்பில் விதிகளாகக் கொடுப்பார்கள். பிள்ளைகள் விதியை ஒப்பிப்பார்கள். எழுதும்போது தவறு அப்படியே இருக்கும்.

வகுப்பைத் தொடங்கும் முன் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பொருத்தம் புதிது இல்லை. எந்தப் பிள்ளையும் ‘அவன் வந்தேன்’ என்று சொல்லாது. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது, வந்தோம் என்று ஆளுக்கும் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்றபடி வினையை மாற்றுவது மூன்று வயதுக்குள்ளேயே நாக்கில் வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தமிழில் வரும் வழு, வழாநிலை, வழுவமைதி எல்லாம் இதைப் பற்றிய பாடம்தான். ஆங்கிலத்தில் மிச்சம் இருப்பது இதில் ஒரு சின்னத் துண்டு. நிகழ்காலத்தில் ஒரே ஒரு எஸ், அப்புறம் ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், ஹேஸ், ஹேவ், டூ, டஸ்’ என்று ஒரு கைப்பிடிச் சொற்கள். அவ்வளவுதான்.

அப்படியானால் பிள்ளை ஏன் தவறுகிறது? தமிழ்ப் பொருத்தமும் ஆங்கிலப் பொருத்தமும் வேறு வேறு வழியில் போகும் இடங்கள் சில இருக்கின்றன. தவறுகளில் பெரும்பாலானவை அந்த இடங்களில்தான் விழுகின்றன. எந்த இடத்தில் விழுந்தது என்று பார்க்காமல் ‘எஸ் போடு, எஸ் போடு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பிள்ளை எல்லா இடத்திலும் எஸ் போடத் தொடங்கிவிடும்.

முதல் படி: திருத்தாதீர்கள், சேகரியுங்கள்

முதல் வாரம் சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தன் வீட்டைப் பற்றியும் வீட்டில் இருப்பவர்களைப் பற்றியும் பத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ‘காலையில் யார் யார் என்ன செய்வார்கள்’ என்று கேட்டால் நிகழ்கால வினைகள் தானாக வரும். அந்தத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு நோட்டில் ஆறு கட்டம் போட்டுத் தவறுகளைப் பிரியுங்கள். மரியாதையால் வந்தது, ‘இல்லை’ என்பதால் வந்தது, ஒருமை பன்மையால் வந்தது, எஸ் விழுந்துபோனது, எஸ் கூடிப்போனது, நீண்ட வாக்கியத்தில் எழுவாய் தவறிப்போனது.

மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் வாக்கியத்தை அதையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தவறு என்று நீங்கள் சொல்ல வேண்டாம். வாசிக்கும்போதே நின்று திருத்திக்கொண்டால் அது கைத்தவறு. தெரிந்தும் அவசரத்தில் விட்டது. திருத்தாமல் கடந்து போனால் அதன் மனத்தில் இருக்கும் விதியே வேறு. 1967-ல் பிட் கார்டர் என்ற மொழியியலாளர் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். படிப்பவரின் தவறு, அவர் உள்ளுக்குள் என்ன விதி வைத்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது என்று சொன்னார். கைத்தவறுக்குப் பாடம் தேவையில்லை, ஒருமுறை திரும்பிப் படிக்கும் பழக்கம் போதும். உங்கள் நேரம் எல்லாம் இரண்டாவது வகைக்கு.

இரண்டாம் படி: மரியாதையைத் தனியே பிரித்துவையுங்கள்

இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் நம் ஊர்ப் பேச்சு. சிவகங்கைச் சீமைப் பேச்சில் ‘அப்பத்தா வந்தாக’, ‘ஆச்சி சொன்னாக’ என்போம். நாலு பேர் வந்தாலும் ‘வந்தாக’தான். ‘அவுக’ என்றால் ஒருவராகவும் இருக்கலாம், ஒரு கூட்டமாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காவிட்டால் வருத்தப்படும் ஊர் இது. பெரியவருக்கு ஒருமையில் வினை போடுவது பிள்ளையின் வாயிலும் வராது, மனத்துக்கும் ஒப்பாது.

அந்தப் பிள்ளை ஆங்கிலத்துக்கு வரும்போது அப்பத்தா ‘தே’ ஆகிவிடுகிறார். ‘மை கிராண்ட்மதர் ஆர் கமிங். தே ஆர் வெரி குட்.’ இலக்கணம் தெரியாததால் வந்த தவறு இல்லை இது, வளர்ப்பால் வந்தது. அதனால் ‘ஒருமைக்கு இஸ்’ என்ற விதி இங்கே வேலை செய்யாது. அந்தப் பிள்ளைக்கு அப்பத்தா ஒருமை இல்லையே.

சொல்லித்தரும் விதம் இது. பலகையில் இரண்டு கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘எத்தனை பேர்?’, வலப்பக்கம் ‘எவ்வளவு மரியாதை?’ என்று எழுதுங்கள். அப்பத்தா, தம்பி, தலைமையாசிரியர், கலெக்டர், மூன்று சித்தப்பாக்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி இரண்டு பக்கமும் நிரப்பச் சொல்லுங்கள். தமிழ் வினை இரண்டு பக்கத்தையும் பார்க்கிறது, ஆங்கில வினை இடப்பக்கத்தை மட்டும் பார்க்கிறது. கலெக்டர் ஒருவர்தான், ஆகவே ‘இஸ்’. ஆங்கிலத்தில் மரியாதை வினையில் இல்லை. ‘ப்ளீஸ்’, ‘சார்’, ‘மேடம்’, ‘குட் யூ’ (could you) என்று வேறு இடங்களில் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லையென்றால் ‘மை கிராண்ட்மதர் இஸ்’ என்று எழுதும்போது பெரியவரை மரியாதைக் குறைவாகச் சொல்கிறோமோ என்ற கூச்சம் பிள்ளைக்கு இருந்துகொண்டே இருக்கும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளிடம் இன்னும் ஒரு செய்தி சொல்லலாம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ‘நீ’ வேறு, ‘நீங்கள்’ வேறு. ‘தௌ’ ஒருவருக்கு, ‘யூ’ பலருக்கு. மரியாதைக்காக ஒருவரையே ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கி, கடைசியில் ‘தௌ’ வழக்கொழிந்தது. எதிரில் நிற்பது ஒருவரே ஆனாலும் ‘யூ ஆர்’ என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். நம் ‘வாங்க’ மாதிரி ஒன்று அங்கேயும் இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ‘யூ ஆர்’ மறப்பதே இல்லை. முன்னிலையில் நடந்தது படர்க்கையில் நடக்கவில்லை, ‘ஹி’யும் ‘ஷி’யும் ஒருவருக்கு ஒருவராகவே நின்றுவிட்டன என்று அங்கேயே முடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ‘இஸ்’ விழுந்துபோகும் இடம்

‘அவர் டாக்டர்.’ ‘இது எங்க வீடு.’ தமிழில் இவை முழு வாக்கியங்கள், வினையே வேண்டாம். அதனால் ‘ஹி டாக்டர்’, ‘திஸ் மை ஹவுஸ்’ என்று எழுதுகிறார்கள். வகுப்பில் நாலு நாள், தினம் ஐந்து நிமிடம், சுற்றி இருப்பதைக் காட்டி வாயால் சொல்லவைத்தால் இது சரியாகிவிடும். எழுத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

ஆனால் இதற்கு அடுத்து ஒரு வம்பு வரும். ‘இஸ்’ கட்டாயம் என்று பழகிய பிள்ளை ‘ஹி இஸ் கோ’, ‘ஹி இஸ் கோஸ்’ என்று எழுதத் தொடங்கும். இது வந்தால் கவலைப்படாதீர்கள், பிள்ளை முன்னேறுகிறது என்று அர்த்தம். ‘இஸ்’ வந்தால் ‘கோயிங்’, ‘இஸ்’ வராவிட்டால் ‘கோஸ்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

நான்காம் படி: காதுக்கு எஸ் கேட்க வேண்டும்

இங்கே இரண்டு சிக்கல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, பெயரில் எஸ் வந்தால் பன்மை, வினையில் எஸ் வந்தால் ஒருமை. பிள்ளை முதலில் படிப்பது பெயரின் எஸ். ‘புக், புக்ஸ்.’ அதனால் எஸ் என்றாலே ‘பல’ என்று மனத்தில் படிந்துவிடுகிறது. அப்புறம் ‘பாய்ஸ் பிளேஸ்’, ‘பாய் பிளே’ என்று எழுதுவது அதன் கணக்கில் சரியாகவே இருக்கிறது. தொடக்கத்தில் ஓர் எளிய வழி சொல்லிக்கொடுங்கள். பெயருக்கும் வினைக்கும் நடுவில் ஒரே ஒரு எஸ்தான், அதைப் பெயர் எடுத்துக்கொண்டால் வினைக்கு இல்லை, பெயர் எடுக்காவிட்டால் வினைக்கு. ‘த பாய் பிளேஸ்.’ ‘த பாய்ஸ் பிளே.’ இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ‘சில்ட்ரன்’, ‘தே’, ‘ஐ’, ‘யூ’ இவற்றில் எஸ் இல்லை, வினையிலும் எஸ் வராது. ‘பஸ்’ என்ற சொல்லின் கடைசி எஸ் பன்மைக்குரியது இல்லை. இந்த விலக்குகளை இரண்டாவது வாரத்தில் சொல்லுங்கள், முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் காதில். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ‘வாக்ஸ்’, ‘ஈட்ஸ்’, ‘ஹெல்ப்ஸ்’ என்று இரண்டு மெய் சேர்ந்து சொல் முடிவது நம் நாக்குக்கும் காதுக்கும் பழக்கமில்லாதது. ஆசிரியர் ‘ஹி வாக்ஸ் டு ஸ்கூல்’ என்று சொல்லும்போது பிள்ளையின் காதில் ‘வாக்’தான் விழுகிறது. கேட்காத ஒலியை எழுது என்றால் எப்படி எழுதும்? விதியைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

ஆகவே எழுத்துக்கு முன் காது. நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். வினையில் எஸ் கேட்டால் பிள்ளைகள் ஒரு விரலைக் காட்ட வேண்டும், கேட்காவிட்டால் கையை மூடிக்கொள்ள வேண்டும். ‘ஷி குக்ஸ்.’ ‘தே குக்.’ ‘மை ஃபாதர் டிரைவ்ஸ்.’ ‘வி டிரைவ்.’ முதலில் எஸ்ஸை அழுத்திச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். அதன்பின் எழுவாயைச் சொல்லாமல் வினையை மட்டும் சொல்லி, ‘ஒருவரா, பலரா?’ என்று கேளுங்கள்.

அந்த எஸ் மூன்று விதமாக ஒலிக்கும் என்பதையும் காதிலேயே பழக்குங்கள். ‘வாக்ஸ்’, ‘ஈட்ஸ்’ இவற்றில் காற்று மட்டும் வரும். ‘ரன்ஸ்’, ‘கோஸ்’ இவற்றில் தொண்டை அதிரும். தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னால் தெரிந்துகொள்வார்கள். ‘வாஷஸ்’, ‘டீச்சஸ்’ இவற்றில் ஓர் அசை கூடும். விதியாகச் சொல்ல வேண்டாம், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு சொல்லைப் பாட்டு மாதிரி சொல்லவைத்தால் போதும். ‘வாக்ஸு’ என்று கடைசியில் உகரம் சேர்த்துச் சொல்லும் பிள்ளையைத் தொடக்கத்தில் தடுக்காதீர்கள். எஸ் அதன் வாயில் வந்துவிட்டது, அதுதான் முக்கியம். உகரம் பின்னால் உதிரும்.

ஐந்தாம் படி: ‘இல்லை’ மாறாது, ‘டோன்ட்’ மாறும்

‘நான் போகவில்லை, அவன் போகவில்லை, அவர்கள் போகவில்லை.’ தமிழில் எதிர்மறை வந்ததும் வினை ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. ‘தெரியாது’, ‘பிடிக்காது’, ‘கூடாது’ எல்லாம் அப்படித்தான். ‘மாட்டேன், மாட்டான்’ என்பதில் ஆள் தெரியும். ஆனால் பிள்ளைகள் அதிகம் புழங்குவது ‘இல்லை’யும் ‘தெரியாது’ம். அந்தப் பழக்கத்தில் ‘டோன்ட்’ என்ற சொல்லை ஒரு முழு ‘இல்லை’யாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஐ டோன்ட் நோ’ சரி, ‘ஹி டோன்ட் நோ’வும் சரி என்று படுகிறது. ‘ஹி கோஸ்’ என்று சரியாக எழுதும் பிள்ளையே ‘ஹி டோன்ட் கோ’ என்று எழுதும். இதைத் தனிக் கட்டத்தில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

‘டஸ்’ என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். ‘டூ’வும் எஸ்ஸும் சேர்ந்தது அது. எதிர்மறையிலும் கேள்வியிலும் எஸ்ஸை ‘டூ’ வாங்கிக்கொள்கிறது, அதனால் பின்னால் வரும் வினை வெறுமையாக நிற்கிறது. ‘ஹி கோஸ்.’ ‘ஹி டஸ்ன்ட் கோ.’ ‘டஸ் ஹி கோ?’ மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எஸ் எங்கிருந்து எங்கே போனது என்று அம்புக்குறி போடவையுங்கள். ‘டஸ் ஹி கோஸ்’ என்று இரண்டு இடத்திலும் எஸ் போடுகிற பிள்ளைக்கு இந்த அம்புக்குறி நிச்சயம் உதவும்.

‘கேன், வில், மஸ்ட்’ வரும்போது தமிழ் நமக்குத் துணை செய்கிறது. ‘என்னால் முடியும், அவனால் முடியும், அவர்களால் முடியும்.’ ‘முடியும்’ மாறவில்லை. ‘கேன்’ மாறாது, அதன் பின்னால் வரும் வினையும் மாறாது என்று சொன்னால் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும்.

ஆறாம் படி: மூணு மாடு நிக்குது

‘மூணு மாடு நிக்குது’, ‘கடையெல்லாம் பூட்டியிருக்கு’, ‘பத்து ரூபாய் இருக்கு.’ பேச்சுத் தமிழில் அஃறிணைக்கு ஒருமை பன்மை வேறுபாடு வினையில் கிடையாது. எண்ணுப்பெயர் முன்னால் வந்துவிட்டால் பெயரிலும் ‘கள்’ தேவையில்லை. ‘நின்றன’, ‘பூட்டியிருக்கின்றன’ என்பதெல்லாம் தமிழ்ப் பாடத்தில் எழுதுவது. ஆகவே மனிதர்களைப் பற்றி எழுதும்போது சரியாக எழுதுகிற பிள்ளை, பொருள்களுக்கும் விலங்குகளுக்கும் வரும்போது ‘த ஷாப்ஸ் இஸ் க்ளோஸ்ட்’ என்று எழுதும்.

இதற்கு எழுத்துத் தமிழையே பாலமாகப் போடுங்கள். ‘தமிழ்த் தேர்வில் எப்படி எழுதுவாய்?’ என்று கேளுங்கள். ‘கடைகள் பூட்டியிருக்கின்றன’ என்று பிள்ளை சொன்னதும், ‘ஆங்கிலமும் அப்படித்தான்’ என்று சொல்லுங்கள். தமிழாசிரியர் பக்கத்தில் இருந்தால் இருவரும் ஒரே வாரத்தில் இதை எடுப்பது இன்னும் நல்லது.

‘தேர் இஸ், தேர் ஆர்’ இங்கேயே வந்துவிடும். எழுவாய் பின்னால் வருவதால் பிள்ளை முதலிலேயே ‘இஸ்’ போட்டுவிட்டு அப்புறம் என்ன வருகிறது என்று பார்க்காது. சந்தையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ‘தேர் ஆர் தக்காளிக் கூடைகள்’ என்று பாதி தமிழில் சொன்னாலும் பரவாயில்லை, ‘ஆர்’ சரியாக வந்ததா என்று மட்டும் பாருங்கள்.

ஏழாம் படி: சாவியும் வீடும்

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கே. ‘த கீஸ் ஆஃப் த ஹவுஸ் இஸ் வித் ஆச்சி.’ வினைக்குப் பக்கத்தில் ‘ஹவுஸ்’ இருக்கிறது, அதைப் பார்த்து ‘இஸ்’ போட்டுவிடுகிறது பிள்ளை. ‘த ஹவுஸ் வித் ஹண்ட்ரட் விண்டோஸ் ஆர் லாக்ட்’ என்று அதன் மறுபக்கமும் வரும்.

இதற்கும் தமிழில் காரணம் இருக்கிறது. ‘நூறு ஜன்னல் வைத்த வீடு பூட்டியிருக்கிறது’ என்று சொல்லும்போது, வீட்டைப் பற்றிய விவரம் எல்லாம் முன்னால் வந்துவிடும். ‘வீடு’ என்ற தலைச்சொல் கடைசியில், வினைக்கு ஒட்டி நிற்கும். பக்கத்தில் இருப்பதோடு பொருத்துவது தமிழில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆங்கிலத்தில் தலைச்சொல் முன்னால் நிற்கிறது. விவரம் அதற்கும் வினைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பென்சிலால் செய்யும் வேலை ஒன்று கற்றுக்கொடுங்கள். வினைக்கு முன்னால் ‘ஆஃப், வித், இன், ஆன், ஃப்ரம், நியர்’ என்று தொடங்கும் பகுதி எதுவோ அதைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் இருப்பது வினையோடு பேசாது. மிச்சம் இருப்பதை வாசித்தால் ‘த கீஸ் ஆர்’, ‘த ஹவுஸ் இஸ்’ என்று காதுக்கே தெரிந்துவிடும். நம் ஊர் வீடுகளை வைத்து எத்தனை வாக்கியம் வேண்டுமானாலும் உண்டாக்கலாம். ‘த பில்லர்ஸ் இன் த ஹால் ஆர் பர்மா டீக்.’ ‘த டோர் ஆஃப் த டூ ரூம்ஸ் இஸ் ஓல்ட்.’ பிள்ளைகளையே உண்டாக்கச் சொல்லி, நோட்டை மாற்றிக்கொண்டு ஒருவர் வாக்கியத்தில் இன்னொருவர் வட்டம் போடட்டும். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் பிழை கண்டுபிடித்துத் திருத்தும் கேள்விக்கும் இந்தப் பயிற்சி உதவும்.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ என்பதையும் இதே வட்டத்தில் கொண்டுவந்துவிடலாம். ‘ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ வட்டத்துக்குள் போனால் மிச்சம் ‘ஒன்’, ஆகவே ‘இஸ்’. நம் பக்கம் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று எஸ் இல்லாமல் சொல்வது பெரியவர்களிடமும் இருக்கிறது. பல நண்பர்களில் ஒருவர் என்பதால் அங்கே எஸ் வேண்டும் என்று சொல்லுங்கள்.

எட்டாம் படி: மனப்பாடம் செய்தே தீர வேண்டியவை

சிலவற்றுக்கு விளக்கம் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். ‘எவ்ரிபடி, எவ்ரிஒன், ஈச்’ ஒருமை, தமிழில் ‘எல்லாரும் வந்தாங்க’ என்று பன்மையில் சொன்னாலும் சரி. ‘நியூஸ், மேத்ஸ்’ எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை. ‘ஃபர்னிச்சர், ரைஸ், ஹேர்’ எண்ணாத பெயர்கள், ‘இஸ்’. ‘பீப்பிள், போலீஸ்’ எஸ் இல்லாவிட்டாலும் ‘ஆர்’. ‘சிசர்ஸ், பேண்ட்ஸ்’ ஒன்றே ஆனாலும் ‘ஆர்’. ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிடுங்கள். ‘ஐதர், நைதர்’ விதிகளை ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே எடுக்கவே வேண்டாம்.

ஒன்பதாம் படி: ஆத்தங்குடிக் கல்லை வைத்து ஒரு முழுப் பயிற்சி

ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகப் பழக்கியபின் எல்லாம் சேர்ந்து வரும் வேலை ஒன்று வேண்டும். ஒருவர் செய்யும் வேலையைப் பார்த்து, படிப்படியாகச் சொல்வதைவிட இதற்குப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. செய்முறையை ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில்தான் சொல்வார்கள். செய்கிறவர் ஒருவர் என்றால் ஒவ்வொரு வாக்கியத்திலும் எஸ் வரும்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆத்தங்குடியில் தரைக்கல் போடுவதைப் பிள்ளைகளில் பலர் பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்களைப் பெற்றோர் அனுமதியோடு ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை மெல்ல எடுத்து, மேலே காய்ந்த மணல் சிமெண்ட் தூவி, ஈரச் சிமெண்டால் நிரப்பி, அப்புறம் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கிறார்கள். கண்ணாடியில் பட்ட பக்கம்தான் அந்தப் பளபளப்பு.

திரும்பி வந்ததும் எழுதவைக்க வேண்டாம், சொல்லவையுங்கள். ஆளுக்கு ஒரு வாக்கியம். ‘ஹி க்ளீன்ஸ் த கிளாஸ். ஹி புட்ஸ் த ஃபிரேம் ஆன் இட். ஹி போர்ஸ் த கலர்ஸ். ஹி லிஃப்ட்ஸ் த மோல்ட். ஹி ஃபில்ஸ் த ஃபிரேம் வித் சிமெண்ட்.’ எஸ் விழுந்தால் அடுத்த பிள்ளை அதே வாக்கியத்தைச் சொல்லட்டும், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு சுற்று முடிந்ததும் ‘இப்போது இரண்டு பேர் செய்கிறார்கள்’ என்று மாற்றுங்கள். ‘தே க்ளீன், தே புட், தே போர்.’ அப்புறம் ‘நீயே செய்கிறாய்’ என்று ‘ஐ’க்கு மாற்றுங்கள்.

எதிர்மறைக்கும் இதிலேயே நல்ல வாக்கியம் கிடைக்கிறது. இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. ‘ஹி டஸ்ன்ட் பர்ன் த டைல்ஸ்.’ வட்டம் போடும் பயிற்சிக்கு ‘த கலர்ஸ் ஆஃப் த டைல் ஆர் பிரைட்’, ‘த பேட்டர்ன் ஆன் த டைல்ஸ் இஸ் எ ஃப்ளவர்’. மரியாதைக்கு, அந்தக் கைவேலைக்காரர் நரைத்த தலைப் பெரியவராக இருந்தால் அதுவே பாடம். பிள்ளை மனம் ‘தே’ என்று சொல்லப் பார்க்கும், ‘எத்தனை பேர்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் ‘ஹி’க்கு வந்துவிடும்.

அங்கே போக முடியாவிட்டால் வீட்டில் அப்பத்தா பணியாரம் ஊற்றுவதையோ, தறியில் கண்டாங்கிச் சேலை நெய்வதையோ எடுத்துக்கொள்ளலாம். வேலை கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும், அது மட்டும் முக்கியம். புத்தகத்தில் படித்த வேலையைச் சொல்லச் சொன்னால் புத்தக வாக்கியத்தையே ஒப்பிப்பார்கள்.

திருத்தும் முறையும் எதிர்பார்ப்பும்

ஒரு தாளில் ஒரு வகைத் தவறை மட்டும் திருத்துங்கள். இந்த வாரம் ‘டஸ்ன்ட்’ என்றால் ‘டஸ்ன்ட்’ மட்டும். மற்றவை கண்ணில் பட்டாலும் விட்டுவிட மனத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள். தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை எதையும் பார்க்காது, அடுத்த முறை சின்னச் சின்ன வாக்கியமாக எழுதித் தப்பிக்கும். தவறான சொல்லை அடித்துச் சரியானதை நீங்களே எழுதுவதும் வேண்டாம். எழுவாயின் அடியில் ஒரு கோடு, வினையின் அடியில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுங்கள். பொருந்துகிறதா என்று பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

பேசும்போது குறுக்கே வெட்டித் திருத்தாதீர்கள். ‘மை பிரதர் ஒர்க் இன் சிங்கப்பூர்’ என்று பிள்ளை சொன்னால், ‘ஓ, ஹி ஒர்க்ஸ் இன் சிங்கப்பூர்! விச் கம்பெனி?’ என்று சரியான வடிவத்தை உங்கள் பதிலுக்குள் வைத்துத் திருப்பிச் சொல்லுங்கள். பேச்சு நிற்காது, சரியான ஒலியும் காதில் விழும்.

எத்தனை நாளில் வரும் என்று பெற்றோர் கேட்பார்கள். நேர்மையாகச் சொல்லுங்கள். இந்த எஸ் தாமதமாகத்தான் வரும். 1973-ல் ரோஜர் பிரவுன் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து ஆராய்ந்ததை வெளியிட்டார். அந்தக் குழந்தைகளுக்கே ‘-இங்’கும் பெயரின் பன்மை எஸ்ஸும் முதலில் வந்தன, வினையின் எஸ் நன்றாகப் பின்னால்தான் வந்தது. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படிப்பவர்களைப் பற்றி எழுபதுகளில் நடந்த ஆய்வுகளிலும், கடைசியில் வருபவற்றில் ஒன்றாக இதுவே நின்றது. ஆகவே பயிற்சித் தாளில் பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளை பேச்சில் எஸ்ஸை விட்டால், பாடம் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுத்தில் முதலில் நிலைக்கும், நிதானமாகப் பேசும்போது அடுத்து வரும், வேகமாகப் பேசும்போது கடைசியாக வரும். அந்த வரிசையைப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் சொல்லிவைத்தால் யாருக்கும் ஏமாற்றம் இருக்காது.

நிகழ்காலம் ஓரளவு நிலைத்தபின் இறந்தகாலத்துக்குப் போங்கள். அங்கே வேலை குறைவு. ‘வென்ட், கேம், ஏட்’ எதுவும் ஆளைப் பார்த்து மாறாது. மாறுவது ‘வாஸ், வேர்’ இரண்டு மட்டும். ஒரு வாரம் போதும். ஆனால் தொடங்கும் நாளில் ‘எத்தனை பேர், எவ்வளவு மரியாதை’ கட்டத்தை மறுபடி பலகையில் போட்டுவிடுங்கள். குடும்பக் கதை எழுதச் சொன்னால் ‘மை கிராண்ட்ஃபாதர் வேர் இன் பர்மா’ என்று வகுப்பில் ஒருவராவது எழுதுவார்.